கால் எடுக்காமல் நூறு

நவம்பர் 3, திங்கள்

காலையிலிருந்து தூறல். கணக்கு டெஸ்ட் தள்ளிப்போனது. படித்ததெல்லாம் வீண்.

சித்தப்பா பழைய கார் ஒன்று வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். வெள்ளை. பின் கண்ணாடியில் யார் வீட்டுக் குழந்தையின் பெயரோ ஒட்டிச் சுரண்டிய தடம். உள்ளே ஊதுபத்தி வாசனை, அதற்கு அடியில் வாந்தி வாசனை. ஞாயிற்றுக்கிழமை பழனியில் சித்தியின் பாப்பாவுக்கு மொட்டை. அதற்குள் வாங்கியாக வேண்டும் என்று அவசரம். போகிறவர்கள்: சித்தப்பா, சித்தி, பாப்பா, அம்மா, நான். அப்பாவுக்குத் திருப்பூர் கம்பெனியில் லீவு இல்லை. எப்போது இருந்தது.

பண்ணைக்காடு பஸ் ஸ்டாண்டு வரை ஒரு சுற்று. நான் முன் சீட்டில். வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட்டு இறக்கத்தில் நின்றோம். சித்தப்பா பிரேக்கை மிதித்தபடியே இருந்தார். அவருடைய முழங்கால் கொஞ்சம் கொஞ்சமாக நீண்டுகொண்டே போனது. வண்டி அரை அடி நகர்ந்தது. உடனே டக் டக் என்று இரண்டு குத்து. நின்றது.

"சித்தப்பா, பெடல் உள்ள போகுது."

"மலையில ஓட்டுறவன் ரெண்டு குத்து குத்தித்தான் மிதிப்பான். டீச்சரம்மாவுக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாது, பிரேக்கப் பத்திப் பேச வந்துட்டா."

பின் சீட்டில் சித்தி சிரித்தாள். அம்மாவும், கொஞ்சம் தாமதமாக.

நவம்பர் 4, செவ்வாய்

பள்ளி நூலகத்தில் கீழ்த் தட்டில் மோட்டார் வண்டிப் பாடப்புத்தகம் ஒன்று. அட்டை இல்லை. இதுவரை யாரும் எடுத்ததில்லை. நூலக சார், "இது எதுக்கும்மா ஒனக்கு? நீட்ல கேக்க மாட்டான்" என்றார்.

பிரேக் பாடம் பதினோரு பக்கம். எனக்கு வேண்டியது அரைப் பக்கம். என் சொல்லில்:

அ) பெடல் பஞ்சு மாதிரி அமுங்கி, குத்தக் குத்தக் கெட்டியானால் குழாயில் காற்று.
ஆ) ஆயில் குறைந்துகொண்டே வந்தால் எங்கோ வெளியே ஒழுகுகிறது.
இ) ஆயில் குறையாமல், மிதித்துப் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல இறங்கினால் மாஸ்டர் சிலிண்டருக்குள் (மிதித்ததும் ஆயிலைக் குழாய்க்குத் தள்ளும் உருளை) இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது. ஆயில் உள்ளுக்குள்ளேயே பின்னால் கசிகிறது. வெளியே ஒரு சொட்டுத் தெரியாது. வேகமாகக் குத்தினால் கெட்டியாக நிற்பது போலவே இருக்கும்.

கடைசி வாக்கியத்தை நான்கு முறை படித்தேன்.

நவம்பர் 6, வியாழன்

பனி. செருப்பு காயவில்லை. மூன்று நாள் சோதனையின் முடிவு:

நான்கு சக்கரத்துக்கும் அடியில் பேப்பர் விரித்தேன். ஒரு சொட்டு இல்லை.
பிரேக் ஆயில் டப்பாவில் பேனாவால் கோடு போட்டேன். இறங்கவில்லை.
வெள்ளனே எழுந்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்த சாவியை எடுத்துப் போய் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்தேன். இரண்டு குத்து: கல் மாதிரி. கால் எடுக்காமல் மெதுவாக மிதித்துப் பிடித்தால்: நாற்பது எண்ணுவதற்குள் தரையைத் தொட்டது. மூன்று முறை செய்தேன். மூன்று முறையும்.

ஹேண்ட்பிரேக் கேபிள் வேறு அறுந்து தொங்குகிறது. சித்தப்பாவின் மாற்று ஏற்பாடு: டிக்கியில் ஒரு கருங்கல்.

சாயங்காலம், சித்தி நச்சரித்ததால், மெக்கானிக் வந்தார். சித்தப்பாவோடு ஒன்றாகப் படித்தவர். "காத்து ஏறிக் கெடக்கு" என்று காற்றை எடுத்தார். ஏறி உட்கார்ந்து இரண்டு குத்து. "இப்பப் பாரு மாப்ள, கல்லு மாதிரி நிக்குது."

"அண்ணே, குத்தாம, மெதுவா மிதிச்சு அப்படியே புடிச்சுப் பாருங்க."

"ரோட்டுல போறவன் எவன்மா மிதிச்சுப் புடிச்சுக்கிட்டே போவான்?"

"எறக்கத்துல எல்லாருந்தான்."

அவர் ஸ்பேனரைத் துடைக்கத் தொடங்கினார். சித்தப்பா என் கையிலிருந்த புத்தகத்தைப் பிடுங்கி, மெக்கானிக் வடித்து வைத்திருந்த பழைய ஆயில் தட்டில் போட்டார். "போ. போயி உங்கம்மாவுக்குப் பாத்திரம் கழுவிக் குடு."

நூலக முத்திரைமேல் கறை. வெளியே எடுப்பதற்குள் நூறாம் பக்கம் வரை ஊறிவிட்டது.

இனி இந்த நோட்டில் சித்தப்பா 'சி.' மட்டும்தான். முழுதாக எழுதும் அளவுக்கு மரியாதை மிச்சமில்லை.

நவம்பர் 8, சனி

மழை விட்டது. தலைக்குக் குளியல். மாலை கட்டினேன், இரண்டு முழம்.

நான் வரவில்லை, நீங்களும் அந்த வண்டியில் போக வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். பெருமாள்மலை தாண்டினால் பழனி வரை இறக்கம்தான்.

சித்தி அடுப்படியிலிருந்தே: "நல்ல காரியத்துக்குப் போறப்பத் தரித்திரமாப் பேசாதடி. எம்புள்ளைக்கு ஒண்ணுன்னா ஒன்னய சும்மா விடமாட்டேன்."

அதைத்தானே நானும் சொல்கிறேன் என்றேன். யாரும் அதை அந்த அர்த்தத்தில் எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மா என்னைத் தனியே இழுத்துப் போனாள். "இது அவங்க வீடு. நீ பிளஸ் டூ முடிக்க இன்னும் ஒன்னரை வருசந்தான். வாய மூடிட்டு இருக்க முடியாதா ஒனக்கு?"

முடியவில்லை என்பதுதான் உண்மை. ஆனாலும் நாளை போகிறேன். நான் இல்லாவிட்டால் அந்த வண்டியில் சி. பிரேக் மிதிக்கும் காலைப் பார்க்க யாரும் இல்லை.

நவம்பர் 9, ஞாயிறு

எல்லோரும் படுத்த பிறகு எழுதுகிறேன்.

இறக்கம் தொடங்கும் இடத்தில் ஒரு பிள்ளையார் கோயில். எந்த வண்டியும் அங்கே நிற்காமல் இறங்காது. புது வண்டியென்றால் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்துப் பூஜை. சூடம் காட்டிய பிறகுதான் பழத்தின்மேல் ஏற்றி நசுக்க வேண்டும். அதற்கு முன் நசுங்கக் கூடாது.

சி. கல்லை எடுத்து முன் சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். பூசாரி, "பழம் வைக்கிற எடத்துல கல்லு கெடக்கலாமா? எடுங்க. பிரேக்கைப் புடிச்சுக்கிட்டு உக்காருங்க, வெரசா முடிச்சிருவேன்" என்றார்.

அம்மாவும் சித்தியும் பாப்பாவும் பின் சீட்டில். நான் வெளியே, கதவைத் திறந்து பிடித்தபடி. அங்கிருந்து சி.யின் கால் தெரிந்தது.

காற்று. சூடம் பற்றவில்லை. ஒரு குச்சி, இரண்டு, மூன்று. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். இருபதில் முழங்கால் நீளத் தொடங்கியது. முப்பத்தைந்தில் சி. முகத்தில் ஒரு மாற்றம், படியில் இன்னொரு படி இருக்கும் என்று கால் வைத்தவனுக்கு வருமே, அது.

நான்கு எலுமிச்சையும் ஒன்றாக நசுங்கின. பூசாரி தட்டோடு பக்கவாட்டில் தாவினார். சூடமும் விபூதியும் ரோட்டில். டக் டக். ரோட்டோரக் கால்வாய்க்கு இரண்டு கை தூரத்தில் நின்றது. கால்வாய்க்கு அப்பால் ஒன்றும் இல்லை, பனி மட்டும்.

சித்தி பாப்பாவை அணைத்தபடி இறங்கினாள். "ஐயோ, சூடங் காட்டு முன்னாடியே பழம் நசுங்கிருச்சே. நான் இதுல மல எறங்க மாட்டேன்."

"ரப்பர் தேஞ்சிருக்கு சித்தி, பழத்துக்கும் இதுக்கும்…"

"எல்லாம் ஒன் வாயிதான்டி. நாலு நாளாச் சொல்லிச் சொல்லி வரவச்சிட்ட."

திரும்பிவிட்டோம், முதல் கியரில், ஊர்ந்து. நான் சொல்லித் திரும்பவில்லை. எலுமிச்சை சொல்லித் திரும்பினார்கள். உயிரோடு இருக்கிறோம், அதுவே போதும் என்று நினைக்க முயன்றேன். போதவில்லை.

நவம்பர் 10, திங்கள்

அம்மா, சித்தி, பாப்பா மூவரும் பஸ்ஸில் பழனி போய்வந்தார்கள். என்னைக் கூட்டிப்போகவில்லை. மொட்டைத் தலையில் சந்தனம், பாப்பா அழகாக இருந்தாள். என்னிடம் தூக்கக் கொடுக்கவில்லை. பஞ்சாமிர்தம் மட்டும் தட்டில் இருந்தது.

நூலகப் புத்தகம்: பக்கங்களுக்கிடையே நியூஸ்பேப்பர் வைத்து உலர்த்துகிறேன்.

நவம்பர் 12, புதன்

வெயில், ஒரு மணி நேரம். இயற்பியலில் 47/50.

மாலையில் மெக்கானிக் மறுபடி வந்தார். நான் ஜன்னலுக்கு உள்பக்கம். இந்த முறை அவர் குத்தவில்லை. மிதித்துப் பிடித்தபடி நெடுநேரம் இருந்தார்.

"மாப்ள, மாஸ்டர் சிலிண்டர்தான். புள்ள சொன்னது சரி."

"அவகிட்டச் சொல்லிக்கிட்டுத் திரியாத. ராசியில்லாத வண்டி, எனக்கு வேணாம். கன்னிவாடிக்காரர் ஒருத்தர் சனிக்கெழம பாக்க வாரார்."

"மாத்திட்டுக் குடு மாப்ள. அவரு மல எறங்கணும்ல."

"வாங்குறவன் பாத்துக்குவான். ஒஞ் சோலியப் பாரு."

பிறகு சி. என்னைக் கூப்பிட்டார். நான் ஜன்னல் பக்கம் இருந்தது அவருக்குத் தெரியும். கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. "சனிக்கெழம அந்தாளு முன்னாடி நீ வாயத் தொறந்த, அன்னைக்கே நீயும் உங்கம்மாவும் திருப்பூருக்குப் பொட்டியக் கட்டிர வேண்டியதுதான். பள்ளிக்கூடம், லைப்ரரி எல்லாத்துக்கும் முழுக்குப் போட்டுரு. புரியுதா டீச்சரம்மா?"

அம்மாவிடம் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "பேசாம இரு" என்றாள். அதற்குப் பிறகு தண்ணீர் தெளிந்தும் களைந்துகொண்டே இருந்தாள்.

நவம்பர் 13, வியாழன்

திருப்பூரில் அப்பாவின் அறையில் இரண்டு பேர் படுக்கிறார்கள். நாங்கள் போனால் நான்கு. அங்கே பிளஸ் ஒன்னில் பாதி ஆண்டில் சேர்ப்பார்களா தெரியாது. விசாரிக்க யாரும் இல்லை.

சி.யின் மூச்சுச் சத்தமே பிடிக்கவில்லை. காபி உறிஞ்சும் சத்தமும்.

நவம்பர் 15, சனி

பதினொன்றரைக்குக் கன்னிவாடிக்காரர் வந்தார், பஸ்ஸில். மனைவியும் மகளும்கூட. மகள் எட்டாம் வகுப்பு இருக்கும். பேரம் முடியும் முன்னரே பின் சீட்டில் ஏறி ஜன்னலை இறக்கி ஏற்றிப் பார்த்தாள். "திரும்பிப் போறப்ப இதுலதானப்பா போறோம்?"

"ஆமாத்தா, பின்ன எதுல?"

சி. பேனட்டைத் திறந்து காட்டினார். டப்பாவில் என் பேனாக் கோடு இன்னும் இருந்தது. "ஆயிலு ஒரு சொட்டுக் கொறையல பாருங்கண்ணே." கன்னிவாடிக்காரர் ஏறி உட்கார்ந்து இரண்டு குத்து குத்தினார். "பிரேக்கு நல்லா நிக்குதே."

நான் காபித் தட்டோடு நின்றேன். சித்தி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வாசற்படியில்.

"மாமா, குத்தாதீங்க. மெதுவா மிதிச்சுக் கால எடுக்காம நூறு எண்ணுங்க."

சி. திரும்பினார். கன்னிவாடிக்காரர் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். சிரித்தார், சின்னப் பெண் ஏதோ விளையாட்டுச் சொல்கிறாள் என்று. பிறகு வாய்விட்டே எண்ணத் தொடங்கினார். இருபது வரை சிரிப்பு இருந்தது. முப்பதில் குரல் இறங்கியது. முப்பத்தெட்டில் நின்றது. குனிந்து தன் காலைப் பார்த்தார்.

"பாப்பா, கீழ எறங்கு" என்றார் மகளிடம்.

அவர்கள் போன பிறகு காபி தட்டிலேயே ஆறிக் கிடந்தது. சி. எதுவும் சொல்லும் முன்பே அம்மா உள்ளே போய்விட்டாள். பரணிலிருந்து பெட்டியை இறக்கும் சத்தம். "புஸ்தகத்தையெல்லாம் மொதல்ல எடுத்து வையி" என்கிறாள்.