கோபமே வராத பையனின் கதை

ஜூலை 8, திங்கள்

சைக்கிள் கடையைத் திறந்ததும் நான்கு பிள்ளைகள் வந்து, என் கையைப் பிடித்துச் சாலையைக் கடத்திவிட்டார்கள். எனக்கு அந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்லை. கம்பை ஊன்றித் திரும்பி வந்தேன். மறுபடி பிடித்துக் கடத்தினார்கள்.

"யாருலே இதச் சொல்லிக் குடுத்தது?"

"ஸ்வீட்லின் டீச்சர் கத வாசிச்சாங்க தாத்தா. கால் ஊனமானவங்களுக்கு ஒதவணுமாம்."

எதிரே இருக்கும் பள்ளிக்கூடம்தான். அறுபத்தொன்பது வயதில் எனக்கு இது தேவையா?

ஜூலை 9

அந்தப் புத்தகத்தை டீச்சரிடம் வாங்கிப் படித்தேன். கால் விளங்காத ஒரு பையன். அடிக்கிறார்கள், சிரிக்கிறான். கேலி செய்கிறார்கள், மன்னிக்கிறான். கடைசியில் பதக்கம். கோபமே வராத நொண்டியை நான் இதுவரை பார்த்ததில்லை. கண்ணாடியிலும் பார்த்ததில்லை.

ஜூலை 11

டீச்சரோடு சண்டை. நல்ல பெண். அதனால் எரிச்சல் இன்னும் கூடுதல்.

"பிள்ளைங்க மனசுல எரக்கம் வரட்டும்னுதான் வாசிச்சேன் அண்ணாச்சி."

"ஒங்க எரக்கத்துல என்னைய ரோட்டுல இழுத்துட்டு அலையுதானுவ!"

"அப்ப நீங்களே ஒரு கத எழுதிக் குடுங்க."

பள்ளிக்கூடப் படி மிதிக்காதவன், மளிகைப் பொட்டலக் காகிதத்தில் எழுத்துக் கற்றவன் என்று தெரிந்துதான் சொன்னாரா? சும்மா விடுவேனா?

ஜூலை 12

எழுதுகிறேன்.

ஜூலை 14

இன்னும் எழுதுகிறேன். மூன்று சைக்கிள் பஞ்சராகக் கிடக்கிறது, கிடக்கட்டும்.

ஜூலை 16

நான்காம் வகுப்பில் டீச்சர் என் கதையை வாசித்தார். நான் பின்பெஞ்சில். கதையில் கால் விளங்காத ஒரு பெண்பிள்ளை. புளியங்காய் திருடுவாள், மாட்டினால் தம்பி மேல் பழி போடுவாள், அதட்டினால் காலைக் காட்டி அழுவாள். பிள்ளைகள் உருண்டு சிரித்தார்கள்.

காலில் இரும்புக் கம்பி மாட்டிய அஃப்ரா கை தூக்கினாள்.

"டீச்சர், இவ நொண்டியாட்டம் ஆடுவாளா?"

ஒற்றைக்காலில் குதித்துப் போய் மற்றவர்களைத் தொடுகிற ஆட்டம். அது ஊனத்தைக் கேலி செய்கிறது என்று, முந்தைய கதை வாசித்த அன்றே டீச்சர் நிறுத்திவிட்டாராம்.

"பிடிக்குததுல நான்தான் டீச்சர் எப்பவும் ஃபர்ஸ்ட்டு. அத நிறுத்திட்டீங்க. இப்ப எல்லாவளும் என் பையத் தூக்க வாராளுவ, வெளையாடக் கூப்பிட மாட்டுக்காளுவ."

டீச்சர் முகம் சுருங்கிவிட்டது. எனக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. அந்தப் பிள்ளையிடம் நானும்தான் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 18

டீச்சர் தடையை எடுத்துவிட்டார், நாளை நொண்டியாட்டம் உண்டு. நானும் வருவேன் என்றேன்.

"விழுந்துட்டா அண்ணாச்சி?"

"விழுந்தா எந்திப்பேன். சலுகையெல்லாம் காட்டப்பிடாது."

சின்ன வயதில் என்னை ஒருவனும் இதில் சேர்த்ததில்லை. அதை அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 19, வெள்ளி

முதல் ஆளாக அவுட். அநியாயம்! அஃப்ரா குதித்து வந்து தொட்டது என் கம்பை.

"கம்பு ஒடம்புல சேத்தி கெடையாது" என்றேன்.

"என் காலுக் கம்பியத் தொட்டா நான் அவுட்டுதான தாத்தா? அழுகுணி ஆட்டம் ஆடாதீங்க. வெளிய போங்க."

"தாத்தா ஏமாத்துதாரு!" என்று ஜாஸ்பர் கத்துகிறான். அரை டவுசர் போட்ட பயல். டீச்சரைப் பார்த்தேன். அவர் கோட்டுக்கு வெளியே கையைக் காட்டினார்.

போய் நின்றேன். வெயில் மண்டையைப் பிளந்தது. அஃப்ரா வரிசையாக ஏழு பேரைத் தொட்டாள்.

திங்கட்கிழமை போய் இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும். கம்பு வேறு, நான் வேறு.