கிணற்றுப் பேய் தின்றது

அக்டோபர் 14, செவ்வாய்

பள்ளி விழாவின் புத்தகப் போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். மேடையில் ஐந்து நிமிடம் பேச வேண்டும். கேட்டவர்களுக்கு எந்தப் புத்தகத்தைப் படிக்க ஆசை வருகிறதோ அதற்கு வாக்குப் போடுவார்கள். என்னுடையது ‘கிணற்றின் பசி’. கோடை விடுமுறையில் அதன் அனிமே கார்ட்டூன் தொடரைப் பார்த்து அழுது தீர்த்தேன். தங்கையின் உயிருக்காக ஹயாசே காகிதக் கொக்குகளை மடித்து மடித்துக் கிணற்றுப் பேய்க்குப் போடுவானே, அதைச் சொன்னாலே போதும். மூலமான மங்கா படக்கதை போன வருடமே முடிந்துவிட்டது. இன்னும் படிக்கவில்லை. அதே கதைதானே.

என் தோழி கனாயேயிடம் எல்லாத் தொகுதிகளும் இருக்கின்றன. “அனிமேயை மட்டும் பாத்துட்டுப் பேர் குடுத்தியா?” என்று உதட்டைக் கடித்துச் சிரித்தாள்.

“என்னடி?”

“ஒண்ணுமில்ல. முடிவை முன்னாடியே சொல்லிக் கெடுக்கறவ நான் இல்ல.”

அக்டோபர் 16

கொக்கே இல்லை.

மங்காவில் பேய் தின்பது தொப்புள்கொடி. பிள்ளை பிறந்ததும் அம்மாக்கள் காயவைத்துச் சின்ன மரப்பெட்டியில் வைத்திருப்பார்களே, அது. ஹயாசே வீடு வீடாகப் புகுந்து, அலமாரிகளைத் துழாவித் திருடிக்கொண்டு போகிறான். பேய் மெல்லுவதையே பக்கம் பக்கமாக வரைந்திருக்கிறார்கள். நார் பல்லில் சிக்குவது வரைக்கும்.

மதியம் சோற்றுப் பெட்டியைத் திறக்கவில்லை.

அக்டோபர் 17

யாருடைய கொடியைப் பேய் தின்கிறதோ, அந்தப் பிள்ளையை அதன் அம்மா மறந்துவிடுவாள். ஹயாசேவுக்கு இது ஆரம்பத்திலேயே தெரியும். தெரிந்துதான் திருடுகிறான். ஒரு சின்னப் பெண் தன் வீட்டு வாசலிலேயே நின்று அழைப்பு மணியை அழுத்திக்கொண்டே இருக்கிறாள். அவன் சோளம் தின்றுகொண்டு அவளைக் கடந்து போகிறான். சீ. இவனுக்காகவா அழுதேன்?

புத்தகத்தை மாற்ற நூலக ஆசிரியை ஒனோதெரா விடவில்லை. “அழைப்பு அச்சாயிடுச்சு ஷிஹோ. பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னே பேசு.” அப்படிப் பேசினால் யார் வாக்குப் போடுவார்கள்? பேசாமல் அனிமே கதையையே சொல்லிவிடலாமா? கனாயே காட்டிக்கொடுக்க மாட்டாள்.

அக்டோபர் 19, ஞாயிறு

கடைசித் தொகுதி. திருட இனி வீடு இல்லை. ஹயாசே தன்னுடையதையே போடுகிறான். தங்கை பிழைக்கிறாள். வீட்டுக்குப் போனால் அம்மா சோறு போட்டுவிட்டு, “எந்த வீட்டுப் பையன்ப்பா நீ? உன்னைத் தேட மாட்டாங்களா?” என்கிறாள். அவன் குனிந்து சாப்பிடுகிறான். முற்றும்.

நான் பாவப்பட வேண்டுமாம். மாட்டேன். அந்தச் சின்னப் பெண்ணுக்கு யார் சோறு போட்டார்கள்?

மீன் ஆலையிலிருந்து அம்மா வந்ததும் என் தொப்புள்கொடி இருக்கிறதா என்று கேட்டேன். அப்பாவைப் பிரிந்து கிளம்பியபோது சோறு வடிக்கும் குக்கரைக்கூட விட்டுவிட்டு வந்தவள். துணிகளுக்கு அடியிலிருந்து பெட்டியை எடுத்தாள். பஞ்சின்மேல் காய்ந்த கணவாய் மீன் துண்டு மாதிரி என்னவோ. மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

“ரொம்பத்தான். நீ பொறந்தப்ப இதைவிட அசிங்கமா இருந்தே.”

“குப்பையில போடும்மா.”

“போடறேன், போடறேன். முதல்ல போய்க் குளி.”

அக்டோபர் 25, சனி

“இது அருவருப்பான புத்தகம்” என்றுதான் ஆரம்பித்தேன். கொக்கையும் சொன்னேன், கொடியையும் சொன்னேன். முன்வரிசையில் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். கேள்வி நேரத்தில் பின்னால் ஒரு கை உயர்ந்தது. அம்மா. ஆலைச் சட்டையோடு.

“மணி அடிச்சுதே, அந்தப் பொண்ணு. அதுக்குக் கதவைத் தொறந்தாங்களா?”

“இல்லை.”

“கடைசி வரைக்குமா?”

“கடைசி வரைக்கும்.”

உட்கார்ந்துவிட்டாள். திமிங்கிலங்களைப் பற்றிப் பேசியவன் ஜெயித்தான். வெளியே வந்து பார்த்தால் அம்மா கனாயேயிடம் எல்லாத் தொகுதிகளையும் இரவல் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

நவம்பர் 3

“கண்றாவி” என்கிறாள் அம்மா. பக்கத்தைத் திருப்புகிறாள். மறுபடி “கண்றாவி.”

நவம்பர் 7

நேற்று அம்மா முடித்துவிட்டாள். “இதையெல்லாம் எவன் உக்காந்து வரையறான்” என்றாள்.

காலையில் கம்பளித் துண்டு எடுக்க அலமாரியைத் திறந்தேன். துணிகளுக்கு அடியில் பெட்டி இல்லை. போட்டுவிட்டாள் போல. நான்தானே சொன்னேன். சொன்னேன்தான்.

அம்மாவின் வேலைப் பையில் சோற்றுப் பெட்டியை வைக்கப் போனபோது அடியில் ஏதோ தட்டியது. கைக்குட்டையில் சுற்றி, முடிச்சுப் போட்டு, அந்தச் சின்ன மரப்பெட்டி.

சோற்றுப் பெட்டியை அதன்மேல் வைத்தேன். பிறகு எடுத்து, நசுங்காதபடி பக்கத்தில் வைத்தேன்.