வெள்ளையடித்த கிடங்கு

12 நவம்பர் 1964, வியாழன்

உடம்பும் மனசும் ஓய்ந்துவிட்டன. துறைமுகத்துப் பெரிய தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள். இடிக்க வேண்டிய கட்டடங்களைக் குறித்துத் தருவது ஓவர்சீயரான என் வேலை. ரொம்பப் பழையது என்று காட்ட முடிந்தால் விட்டுவிடுவார்கள். காதர் பாயின் கிடங்கையாவது காப்பாற்றலாம் என்றிருந்தேன். பத்திரம் கிடையாது. ஆனால் அந்தக் காலத்தில் வந்துபோன கப்பல்களின் பெயர்களை அவருடைய பாட்டனார் உட்சுவரில் கரியால் வருஷத்தோடு எழுதிவைத்திருந்தார். அந்தச் சுவர்தான் சாட்சி என்று ரிப்போர்ட்டில் எழுதினேன்.

போன வாரம் பாயிடம், "ஆபீசர் வர்றாரு, எடத்தக் கொஞ்சம் சுத்தமா வைங்க" என்று மட்டும் சொன்னேன். சுவரைப் பற்றிச் சொல்லத் தோன்றவில்லை.

இன்று சிதம்பரத்திலிருந்து வந்த ஆபீசர் நுழைந்ததுமே, "எங்கய்யா அந்தச் செவுரு?" என்றார். நாலு பக்கமும் வெள்ளை வெளேர்.

"சார் சொன்னாருன்னு உள்ளயும் ரெண்டு கோட்டு அடிச்சிட்டேன்" என்றார் பாய், கல்யாண வீட்டுக்காரர் மாதிரி சிரித்துக்கொண்டு.

நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். சுண்ணாம்போடு கரியும் உதிர்ந்தது. ஆபீசர் 'ஆதாரம் இல்லை' என்று எழுதிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

பாய் டீ வாங்கிவந்தார். "ஜாஸ்தி கேள்விகூடக் கேக்கல. நம்ம எடம் தப்பிச்சிடுச்சில்ல சார்?"

டீயைக் குடித்து முடித்தேன். "வெள்ள நல்லா அடிச்சிருக்கீங்க பாய்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.