நான் விட்டுவந்த தோடம்பழப் பை

அக்கா,

இன்று காலை லாசால் பகுதித் தமிழ்க் கடையில் ஆரஞ்சு நிறத் தோடம்பழங்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைக்கார அண்ணைக்குப் பொறுக்கவில்லை.

"என்ன தேடுறியள்?"

"எந்த நாட்டுப் பழமெண்டு பாக்கிறன்."

"தென்னாபிரிக்கா. நல்ல இனிப்பு, பயப்பிடாமல் எடுங்கோ."

உங்கள் நாடு விடுதலை பெற்று எவ்வளவு காலமாகிவிட்டது! என் கை இன்னும் அதை நம்பவில்லை.

இந்தப் பழக்கம் உங்களிடமிருந்து தொற்றியது. நான் மொன்ட்ரியாலுக்கு வந்த முதல் பனிக்காலம் அது. மேல்மாடியில் தமிழ்ப் பெயருள்ள தென்னாபிரிக்கப் பெண் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் பார்க்க வந்தேன். வெறுங்கையோடு வரலாமா? ஒரு பை தோடம்பழம் வாங்கிவந்தேன். உள்ளே நிறவெறிக்கு எதிரான உங்கள் குழு கூடியிருந்தது. பையைக் கண்டதும் பேச்சு நின்றது. நீங்கள் ஒரு பழத்தை எடுத்து, அதில் ஒட்டியிருந்த சிறு தாளைக் காட்டினீர்கள். உங்களைச் சிறையில் போட்டு, பிறகு ஊரைவிட்டே ஓடவைத்த ஆட்சியின் பழம்! எனக்கு எங்கே முகத்தை வைப்பதென்று தெரியவில்லை. நீங்களோ கண்ணில் நீர் வரும்வரை சிரித்தீர்கள். "இனிமேல் திருப்பிப் பார்த்து வாங்கு," என்றீர்கள் ஆங்கிலத்தில்.

அடுத்த சனிக்கிழமை நானும் உங்களோடு பேரங்காடியில் நின்றேன். வண்டில் நிறையத் தென்னாபிரிக்கப் பழமும் தகரப்பேணியில் அடைத்த உணவும் ஏற்றுவோம். காசாளரிடம் வந்ததும், "அங்கிருந்தா வருகிறது? வேண்டாம்," என்று உரக்கச் சொல்லி, அத்தனையையும் விட்டுவிட்டு வெளியேறுவோம். கை விறைக்க வாசலில் துண்டுப்பிரசுரம் கொடுத்தபடி என்னிடம் தமிழ் பழகினீர்கள். உங்கள் நாடு விடுபட்டு நீங்கள் ஊர் திரும்பிய நாளில் விமான நிலையத்தில், "பேந்து வாறன்," என்று சொன்னது என் யாழ்ப்பாணத் தமிழ்தான்.

சொன்னபடி பிறகு வந்தீர்கள், அமைச்சராக. விடுதி அறையில் எனக்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார்கள். யாழ்ப்பாணத்தில் என் அண்ணையைப் படையினர் பிடித்துக்கொண்டுபோய் எவ்வளவு காலம் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் ஊரில் காணாமல்போனவர்களைப் பற்றி வெளியில் ஒரு வார்த்தை பேசுங்கள் என்று கேட்டேன். நீங்கள் கதவடியில் நின்ற செயலாளரைப் பார்த்தீர்கள்.

"இப்ப நான் கதைச்சால் என்ர நாடு கதைச்ச மாதிரி. கொஞ்சம் பொறு."

"நீங்கள் பொறுத்தனீங்களோ அக்கா?"

மேசையிலிருந்து ஒரு பையை எடுத்து நீட்டினீர்கள். உங்கள் நாட்டுத் தோடம்பழம். "இப்ப நீ சாப்பிடலாம்," என்றீர்கள். எவ்வளவு ஆசையாகச் சுமந்துவந்திருப்பீர்கள்! நீங்கள் பழக்கியபடியே, பையை அப்படியே விட்டுவிட்டு வெளியேறினேன்.

அதன்பிறகு என் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் நீங்கள் அழைத்தீர்கள். அடிக்கும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். எடுத்ததில்லை. இந்த வருடம் அது அடிக்கவில்லை. நீங்கள் காலமான செய்தியைப் பத்திரிகையில்தான் படித்தேன்.

இந்த நகரத்தில் அந்தப் பேரங்காடி வாசலில் நின்றவர்கள் வேறு யாரும் எனக்கு இல்லை, அக்கா. இன்று ஒரு பை வாங்கினேன். கடையைவிட்டு வெளியே வந்ததும் கால் தானாக உங்கள் பழைய கட்டடப் பக்கம் திரும்பியது. நீங்கள் அங்கே இல்லையென்று பாதி வழியில்தான் உறைத்தது. வீட்டுக்கு வந்து தனியே ஒன்றை உரித்தேன்.

கோபம் இன்னும் தீரவில்லை. பழம் நல்ல இனிப்பு.