எரிச்சல் நின்ற பிறகு

என் பிரியமான அண்ணா,

நீ போய் இரண்டு தைப்பூசம் கடந்துவிட்டது. இன்னும் உன் மேல் எனக்குக் கோபந்தான். அதை வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

பேருந்து ஓட்டிய இருபது வருடமும் உன் சட்டைப்பையில் அந்த நெஞ்செரிச்சல் மாத்திரை அட்டை இருந்தது. இரண்டு நடைக்கு நடுவே பத்து நிமிடத்தில் நாசி லெமாக் தேங்காய்ச் சோற்றை அள்ளிப் போட்டுக்கொண்டு மறுபடி ஓட்டப் போய்விடுவாய். நெஞ்சு எரிகிறதா என்றால், "வெறும் கேஸ்தான் லா, நீ சும்மா இரு" என்பாய்.

ஒரு வருடம் காவடிக்கு நேர்ந்துகொண்டு நாற்பத்தெட்டு நாள் விரதம் இருந்தாய். எரிச்சல் போயே போய்விட்டது. விரதம் முடிந்து பழையபடி காரச் சம்பல் தின்றும் திரும்பி வரவில்லை. முருகன் தீர்த்துவைத்தான் என்று மறுவருடம் பால்குடம் எடுத்தாய், டாக்டரைப் பார்க்க வாங்கிய தேதியை ரத்து செய்தாய். நல்லவேளை என்று நானும்தானே சொன்னேன்?

சோறு தொண்டைக்குக் கீழே இறங்காமல் நின்ற பிறகுதான் போனோம். "சில பேருக்கு ஆசிட் பட்டுப் பட்டு உணவுக்குழாய் உள்தோலே மாறிடும். அப்புறம் எரிச்சல் அவ்வளவா தெரியாது" என்றார் டாக்டர். எல்லாருக்கும் அது புற்றாவதில்லையாம். உனக்கு ஆகியிருந்தது.

இப்போது என் கதையைக் கேள். எனக்கும் ஐந்தாறு வருடமாக நெஞ்செரிச்சல் இருக்கிறது. வகுப்பில் பாடம் நடத்தும்போது குரல் கம்மும், வறட்டு இருமல் வரும், வாயெல்லாம் புளிக்கும். எங்கள் கிளமெண்டி வட்டாரத்து டாக்டர், தொண்டை வழியே குழாய் விட்டுப் பார்க்கும் எண்டோஸ்கோப்பிக்கு எழுதிக் கொடுத்தார். பள்ளியில் தேர்வு என்று பொய் சொல்லி இரண்டு முறை தள்ளிப்போட்டேன்; அடுத்த தேதி இந்த வியாழக்கிழமை. போன மாதம் எரிச்சல் தானாக நின்றுவிட்டது.

அந்த வாரம் தேக்கா சந்தையில் அண்ணியைப் பார்த்தேன். "முகம் தெளிஞ்சிருக்கே, இப்ப நல்லா சாப்பிடுறியா?" என்று கையைப் பிடித்துக்கொண்டார். சிரித்து வைத்தேன். எரிந்தால் பயம், எரியாவிட்டால் அதைவிடப் பயம். எந்தப் பக்கமும் நகர முடியவில்லை அண்ணா. காவடியால்தான் தீர்ந்தது என்று நீ நிஜமாகவே நம்பினாயா? இல்லை, உனக்கும் டாக்டரிடம் கேட்கப் பயமா?

நேற்று அண்ணிக்குப் போன் செய்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கேட்டு முடித்ததும், "வியாழக்கிழமை நான் வரேன். இன்னொரு தடவை தள்ளிப்போட்டே, உன் வீட்டு வாசல்ல வந்து உட்காந்துடுவேன்" என்றார்.

போகிறேன் அண்ணா. நல்லதோ கெட்டதோ, முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் எழுந்து வருவேன். அண்ணியை இன்னொரு முறை அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் தனியாக அழவிட மாட்டேன்.

உன்னைப் போலவே பயந்தாங்கொள்ளியான
உன் தங்கை,
வசந்தி