தோல் தானாக விடும்வரை

டீச்சரம்மா,

அந்த ஜப்பான் முறை மீனை இன்றைக்கும் செய்வதாகச் சொன்னாய். இரண்டு துண்டிலும் உப்புத் தடவி ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறேன். ஈரத்தை நன்றாக ஒற்றி எடு. தோல் பக்கம் கீழே இருக்கட்டும். சோயா சாஸ், இஞ்சிச் சாறு, சர்க்கரை மூன்றையும் கிண்ணத்தில் கலந்தாயிற்று. அதைக் கடைசியில் ஊற்று.

காலையில் சிரித்துக்கொண்டே சொன்னாய்: "நேத்து மீன் வறுக்கும்போது பின்னாடி வந்து நின்னு, 'அவசரப்படாத, தோல் தானா சட்டிய விடும்'னு சொன்னீங்களே, அதான் உடையாம வந்துச்சு. நான் திரும்புறதுக்குள்ள ரூமுக்குள்ள போயாச்சு! எப்படியோ, ஊமைக்கோட்டான் வாயைத் திறந்துச்சே!"

நான் உன்னோடு பேசாமல் இருக்கும் இந்தச் சண்டை தீர்ந்தது என்று நினைத்துவிட்டாய். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. நேற்று நான் அச்சகத்திலிருந்து வந்தபோது நீ தூங்கிவிட்டிருந்தாய். உன் பின்னால் நின்றது நான் இல்லை.

இன்று அந்தக் குரல் கேட்டால் பதில் சொல்லாதே. அடுப்பை அணைத்துவிட்டுக் கீழ்வீட்டு அக்காவிடம் போய் இரு. நான் சீக்கிரம் வருகிறேன். வந்ததும் நானே முதலில் பேசுகிறேன்.

ஊமைக்கோட்டான்

இன்னொன்று. சாவியை எடுக்கும்போது உள் அறையிலிருந்து உன் குரல், "சாப்டீங்களா?" என்று கேட்டது. நீ பள்ளிக்கூடம் போய் வெகுநேரமாகிறது. இத்தனை நாளாக நீ கேட்ட எதற்கும் வாய் திறக்காதவன், "ம், சாப்டேன்மா" என்று சொல்லிவிட்டேன்.