அண்ணனைத் தாண்டிச் சொன்ன சொல்

14.6.2025, சனி

துளசி லேப்டாப்பில் ஒரு நீர்மூழ்கிப் படம் போட்டாள். "அப்பா, உங்க கதைதான், வாங்க." மகள் கூப்பிட்டாளே என்று உட்கார்ந்தேன். பத்து நிமிஷம் தாங்கவில்லை. கேப்டன் கத்துகிறான். அவனுக்கு அடுத்த அதிகாரி அதைவிடக் கத்துகிறான். நடுவில் மியூசிக் வேறு. அடப்பாவிகளா, மேலே எதிரிக் கப்பல் தேடிக்கிட்டிருக்கும்போது எவன்டா கத்துவான்? எங்கள் கப்பலில் சமையல்காரர் கரண்டியைக் கீழே போட்டால் அத்தனை பேரும் அவரை முறைப்போம். படத்தில் ஒருத்தனுக்கும் வேர்க்கவில்லை. எங்களுக்கு டீசல் வாடையும் வெங்காயம் பொரித்த வாடையும் சட்டையை விட்டுப் போகாது.

கலாதேவி எழுந்துவிட்டாள். "இந்த மனுசனோட படம் பாக்கிறதுக்கு துணி மடிச்சாலும் வேலையாவது ஆகும்லா."

கடைசியில் கப்பலே இரண்டாகப் பிரிகிறது. பாதிப்பேர் கேப்டன் பக்கம், பாதிப்பேர் மற்றவன் பக்கம். "நீங்க யார் பக்கம்பா?" என்று துளசி கேட்டாள். கழிவறைக்குப் போகிற மாதிரி எழுந்து வந்துவிட்டேன். ஷரபுதீன் அண்ணன் ஞாபகம். பன்னிரண்டு வருஷமாகிவிட்டது.

15.6.2025, ஞாயிறு

எழுதித்தான் பார்ப்போமே. யார் படிக்கப் போகிறார்கள்.

மலேசிய நேவியில் எனக்கு மேலே இருந்தவர் ஷரபுதீன் அண்ணன். பாரிட் புந்தார்க்காரர். நான் சுங்கை சிப்புட் எஸ்டேட் பையன், கடலையே பதினேழு வயதில்தான் பார்த்தேன். நீர்மூழ்கிப் பயிற்சிக்குப் பிரான்சுக்குப் போனபோது தமிழ் பேச எனக்கு அவர், அவருக்கு நான். ஹெட்போன் மாட்டிக்கொண்டு கடலுக்குள் கேட்கிற சத்தத்தை வைத்து என்ன வருகிறது, எங்கே வருகிறது என்று சொல்கிற வேலை எங்களுக்கு. இறால் கூட்டம் கடுகு தாளிப்பதுபோல் பொரியும், அதற்குள்ளே இன்ஜினைத் தேடு என்பார். குளிர்காலத்து ஞாயிறுகளில் ரசம் வைத்துவிட்டு நீர்மூழ்கிப் படம் போடுவார். இரண்டு பேரும் குற்றம் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். அண்ணன் இல்லாத எனக்கு அவர்தான் அண்ணன்.

அப்புறம் 2013. ஒரு பயிற்சி. கப்பல் மேலே ஏறப்போகிற நேரம். வலது பக்கம், ரொம்பக் கிட்டத்தில், மெதுவான புரொப்பெல்லர் சத்தம் எனக்குக் கேட்டது. அவரிடம் சொன்னேன். ஹெட்போனை வாங்கிக் கேட்டார். "ஒன்னும் இல்லலா, எங்கேயோ தூரத்துல ஒரு போட்டு. விடு." மறுபடி கேட்டேன். கிட்டத்தில்தான். அவரிடம் திரும்பி ஒரு வார்த்தை பேசாமல், மைக்கில் நேராகக் கேப்டனுக்குச் சொல்லிவிட்டேன். கேப்டன் ஏறுவதை நிறுத்தினார். கொஞ்ச நேரத்தில் மீன்பிடிப் படகு ஒன்று தலைக்கு மேலேயே போனது. ஹெட்போன் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது. எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம். அவர் மட்டும் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் அவரைக் கரைக்கு மாற்றினார்கள். வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. போகிற அன்று என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா, கார்த்தி."

நான் செய்தது சரி. அதில் சந்தேகமே இல்லை. சரியாகச் செய்தவனுக்கு ஏன் இப்படி வலிக்கணும்?

20.6.2025, வெள்ளி

பழைய கப்பல் ஆட்கள் வாட்சப் குரூப் ஒன்று வைத்திருக்கிறார்கள். இன்று காலை என்னைச் சேர்த்தார்கள். ஆளாளுக்கு வணக்கம், சலாம், பூப்படம். பட்டியலில் அண்ணன் பெயர் இருந்தது. படத்தில் தாடி நரைத்திருந்தது. என்ன எழுதலாம் என்று யோசித்துக்கொண்டே, இப்போது வேலை பார்க்கிற கையுறை ஃபேக்டரிக்குப் போய்விட்டேன்.

டீ நேரத்தில் பார்க்கிறேன், அவர் குரூப்பை விட்டுப் போயிருக்கிறார். நான் வந்து இருபது நிமிஷத்தில்.

கையுறை அச்சு வரிசையாக ஓடிக்கொண்டே இருக்கு, நான் பாட்டுக்கு நின்னேன். சூப்பர்வைசரே இப்படி நின்னா எப்படி அண்ணே என்று பையன்கள் சிரித்தார்கள்.

22.6.2025, ஞாயிறு

மூன்றாவது நீர்மூழ்கிப் படம். கலா சொல்கிறாள், எனக்குப் பேய் பிடித்திருக்கிறதாம்.

நான் படம் பார்க்கவில்லை, ஒரு காட்சியைத் தேடுகிறேன். மேலதிகாரியும் கீழே உள்ளவனும் முட்டிக்கொள்வது எல்லாப் படத்திலும் இருக்கிறது. அப்புறம் ஒருத்தன் செத்துப்போகிறான், இல்லையென்றால் விசாரணை, பேர் ஓடுகிறது, முடிந்தது. பல வருஷம் கழித்து இரண்டு பேரும் ஒரு கடையில் எதிரெதிரே உட்கார்ந்தால் என்ன பேசுவார்கள் என்று ஒருத்தனும் எடுக்கவில்லை.

அவர் குரலைக் கேட்கணும் போல இருக்கு. திட்டினாலும் சரி.

27.6.2025, வெள்ளி

கலாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் முதல் தடவை. உலை கொதித்து வழிகிறவரைக்கும் கேட்டாள்.

"அவரு கண்ணுக்கு முன்னாடி இருந்தப்ப ஒரு வார்த்தை கேக்கல. இப்ப மட்டும் இங்க உக்காந்து புலம்பினா? போய்ப் பாருங்க. விரட்டினா வாங்க, சோறு இருக்கும்."

29.6.2025, ஞாயிறு

போனேன். எழுதிவிட்டுத்தான் குளிக்கணும்.

பாரிட் புந்தாரில் அவர்கள் சாப்பாட்டுக் கடை. மகன் தல்ஹாதான் நடத்துகிறான். மத்தியானக் கூட்டம். அண்ணன் கல்லாப் பக்கம் உட்கார்ந்து கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். தெரிந்துவிட்டது, முகம் அப்படியே இறுகியது. எழுந்து போகவில்லை. அதுவே போதும் என்று எதிரே உட்கார்ந்தேன்.

வழியெல்லாம் மனப்பாடம் செய்ததைச் சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன், பக்கத்து மேசையில் ஆட்கள். அண்ணே, அன்னைக்கு உங்கள ஒரு வார்த்தை கேக்காம விட்டது என் தப்பு. இத்தனை வருஷமா அந்த நெனப்புலேயே இருக்கேன். அவர் கிளாஸைத் துடைத்தார். இன்னொரு கிளாஸை எடுத்தார். சரி, இதுதான் எனக்கு விதிச்சது என்று எழுந்தேன்.

நுரை பொங்க ஆற்றின தே தாரெ டீ கொண்டுவந்த தல்ஹா என்னை நிறுத்தினான். "சத்தமா பேசுங்கண்ணே. அத்தாவுக்குக் காது கேக்காது. மெஷின் வாங்கிக் குடுத்தாலும் மாட்ட மாட்டாரு."

காதா? ஷரபுதீன் அண்ணனுக்கா?

மறுபடி உட்கார்ந்தேன். கத்தினேன். "அண்ணே, மன்னிச்சிருங்க. உங்களக் கேக்காம கேப்டன்கிட்ட சொன்னது என் தப்பு." கடையே திரும்பிப் பார்த்தது. ரொட்டி தட்டுகிறவர் கையை நிறுத்திவிட்டார். "என்ன?" என்றார் அண்ணன், காதை முன்னால் நீட்டி. இன்னொரு தடவை கத்தினேன். அழுகை வந்துவிட்டது. நாற்பத்தேழு வயது ஆம்பிளை, கறிக் குழம்பு வாசத்துக்கு நடுவில்.

அவர் கிளாஸை வைத்தார்.

"என் காதப் பத்தி கேப்டன்கிட்ட சொன்னவன் நீதானே?"

"உங்க காதா? சத்தியமா எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாதுண்ணே."

என் முகத்தையே பார்த்தார். உதட்டைப் படிக்கிறார் என்று அப்போதுதான் புரிந்தது. அப்புறம் சொன்னார். கப்பலை விட்டுப் போவதற்கு முந்தின இரண்டு வருஷமும் அவருக்குக் காது போய்க்கொண்டிருந்தது. காது டெஸ்டில் நர்ஸின் கை அசைவதைப் பார்த்துப் பார்த்துக் கையைத் தூக்கிவிடுவாராம். அன்றைக்கு அந்தச் சத்தம் அவருக்குக் கேட்கவே இல்லை, தூரத்துப் படகு என்றது சும்மா சமாளிப்பு. தலைக்கு மேலே படகு போனதும் கேட்கவில்லை. நாங்கள் எல்லாரும் அண்ணாந்து பார்த்தபோது எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வாரமே கேப்டன் கூப்பிட்டு, கண்ணைக் கட்டிவிட்டு டெஸ்ட் எடுக்க வைத்தார். நான்தான் கண்டுபிடித்துக் காட்டிக்கொடுத்தேன் என்று இத்தனை நாளும் நினைத்திருக்கிறார்.

"நீ என் பக்கம் திரும்பி, அண்ணே என்ன செய்யலாம்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, உன்கிட்ட சொல்லியிருப்பேன்டா. எனக்குக் கேக்கல, உனக்குக் கேக்குதுன்னா கேப்டன்கிட்ட சொல்லுன்னு சொல்லியிருப்பேன். உன் ஒருத்தன்கிட்டதான் நான் அதச் சொல்லியிருக்க முடியும்."

ஆறிப்போயிருந்த டீயை இழுத்துக் குடித்தேன்.

"சாப்பிட்டுட்டுப் போ," என்றார்.

30.6.2025, திங்கள்

வேலைக்குப் போகவில்லை. நாள் பூராவும் படுத்திருந்தேன்.

நானும் எத்தனை நாள் பக்கத்துப் படுக்கையில் தூங்கினேன், ஒரே தட்டில் சாப்பிட்டேன். கடலுக்குள் இருக்கிற இறால் கேட்கிறது, பக்கத்தில் இருக்கிற மனுசன் கேட்கலையே எனக்கு.

5.7.2025, சனி

தல்ஹா குரல் செய்தி அனுப்பினான். எங்கள் ஈப்போவில் காது டெஸ்ட் எடுத்து மெஷின் பொருத்துகிற நல்ல கடை இருக்கிறதா என்று அத்தா விசாரிக்கச் சொன்னாராம். என்னிடம் விசாரிக்கச் சொன்னாராம். மூன்று தடவை போட்டுக் கேட்டேன்.

12.7.2025, சனி

விடிந்ததும் போய் அண்ணனைக் கூட்டிக்கொண்டு வந்தேன். வழியில் பாகான் செராய் வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார். கத்திப் பேச எனக்கும் கூச்சம்.

டெஸ்ட் ரூமில் கண்ணாடிக்கு வெளியே நான். சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னாள் டெஸ்ட் எடுக்கிற பெண், பிரமிளா என்று பேர். அண்ணன் எழுந்து, தானே நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார். அவர் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கையை ரொம்ப நேரம் தூக்கவே இல்லை. ஒரு தடவை பாதிவரை தூக்கி, சந்தேகத்தில் இறக்கினார். என்னால் பார்க்க முடியவில்லை, வெளியே போய் நின்றுகொண்டேன்.

இரண்டு காதுக்கும் பொருத்தினார்கள். வெளியே வந்ததும் ரோட்டுச் சத்தத்துக்கு முகம் சுளித்தார். வண்டியைக் கிளப்பினேன். புந்தோங் சிக்னலில் நிற்கும்போது தலையைச் சாய்த்தார். எனக்குத் தெரிந்த சாய்ப்பு அது, ஹெட்போன் மாட்டினால் வருகிற பழைய சாய்ப்பு.

"ஃபேன் பெல்ட் போகப்போகுது. எவ்வளவு நாளா இப்படி ஓட்டுற? மாத்து."

எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. "மாத்திர்றேண்ணே," என்றேன்.

வீட்டில் கலா மீன் குழம்பு வைத்திருந்தாள். இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். துளசியை எத்தனாம் வகுப்பு என்று கேட்டார், பதில் காதில் விழுந்தது.

14.7.2025, திங்கள்

வேலை விட்டு நேராக மெக்கானிக் பத்துமலை கடைக்குப் போனேன். பெல்ட்டைக் கழற்றிக் காட்டினார், உள்பக்கம் பாதிக்கு மேல் வெடிப்பு. புதுசு போட்டார்.

அங்கேயே நின்று போன் அடித்தேன். இரண்டாவது மணியில் எடுத்தார்.

"அண்ணே, மாத்தியாச்சு."

"வண்டிய ஸ்டார்ட் பண்ணி, போன இன்ஜின்கிட்ட வை."

வைத்தேன். பத்துமலை என்னை ஒரு மாதிரி பார்த்தார். அண்ணன் போதும் என்று சொல்கிறவரைக்கும் பிடித்துக்கொண்டு நின்றேன்.